மூன்று மணிப் பெரட்டு

பத்து மணிக்குக் கண்ணில் டார்ச் அடித்தபோது
அடைக்கலம் என்னைத் திட்டினார்.
அம்மாவைச் சேர்க்காமல் திட்டினார், அதுவரை மரியாதை.
"பேரு என்னா, எங்க இருக்க, இன்னிக்கு என்னா கெழம?
பெரட்டா எடுக்கற மிசி, மணிக்கு ஒருதரம்?"
பதினைந்துக்குப் பதினைந்து என்று எழுதினேன்.

மாலையில், பதினேழாம் நெரையில்,
செம்பனைக் குலை ஒன்று தோளில் பட்டு
தலையைத் தொட்டுப் போயிருந்தது.
மண்டோரிடம் அவர் சொல்லவில்லை.
இன்னும் நாலு குலை வெட்டிப் போட்டுவிட்டு
தானே மோட்டாரில் வந்து
பதிவு முகப்பில் வாந்தி எடுத்த பிறகுதான் சொன்னார்.

சுங்கை சிப்புட்டில் மழை.
வார்டில் பதினொரு பேர்.
தலையைப் படம் பிடிக்கும் எந்திரம் ஈப்போவில்.
எங்களிடம் இருந்தது
ஒரு டார்ச், ஒரு தாள், ஆளுக்கு இரண்டு கண்.

பதினொன்று: திட்டினார்.
பன்னிரண்டு: என் பரம்பரையில் ஒருவரையும் விடவில்லை.
மொழி புரியாமலே
எதிர்க் கட்டில் சீனர் சிரித்தார்.
ஒன்று: கெட்ட வார்த்தை ஒன்றே ஒன்று, அதுவும் பாதி.
இரண்டு மணிக்கு நூருல் பார்த்தாள்,
நான் நாலாம் கட்டிலில் நரம்பு தேடிக்கொண்டிருந்தேன்.
மூன்று மணிக்கு
"அடைக்கலம். சிப்புட் ஆஸ்பத்திரி. வியாழன்"
என்று வரிசையாக ஒப்பித்துவிட்டு
"நன்றிங்க மிசி" என்றார்.

பதினைந்து.
தாளில் ஒரு குறையும் இல்லை.
எனக்கு முதுகு சில்லிட்டது.

வேலைக்கு வந்த இரண்டாம் வருஷம்
"புள்ள நல்லா தூங்குது மிசி" என்ற
ஒரு தாயின் பேச்சை நம்பி விளக்கை அணைத்தேன்.
அதைப் பற்றி இவ்வளவுதான்.

அடைக்கலம் பீச்சாங்கைக்காரர்.
கையெழுத்துப் போட்டது இடது. என் டார்ச்சைத் தட்டிவிட்டது இடது.
இப்போது போர்வையை இழுத்தது வலது.

"கண்ண மூடுங்க. ரெண்டு கையும் நீட்டுங்க,
சம்பளம் வாங்கற மாதிரி."
வலது கை காத்திருந்தது.
இடது கை, அவருக்கே தெரியாமல்,
மெல்லப் புரண்டு கீழே இறங்கியது,
கொடுத்ததை யாரோ
திரும்ப வாங்கிக்கொள்வது போல.

அளவுகோல் நல்ல கையைத்தான் கேட்கும்.
நல்ல கைக்கு முழு மதிப்பெண்.
எண்பத்திரண்டில் ஓடிய நாடி
அறுபதில் நடந்தது.
வலக்கண் பாவை, வெளிச்சத்துக்கு,
வரேன் வரேன் என்று சோம்பியது.

தூக்கத்தில் கேட்டார் டாக்டர் ஹக்கிமி: "ஸ்கோர்?"
"பதினைந்து."
"அப்புறம் என்ன, சிஸ்டர்?"
கையைச் சொன்னேன். நாடியை, பாவையைச் சொன்னேன்.
கடைசியில் அதையும் சொல்லிவிட்டேன்:
"நன்றி சொன்னார், டாக்டர்."
மறுமுனையில் மழை மட்டும் கேட்டது.
பிறகு செருப்புச் சத்தம்.

மூன்று நாற்பதுக்கு ஆம்புலன்ஸ்.
தள்ளுவண்டியில் பட்டை இறுக்கும்போது
பன்னிரண்டு மணிக்கு அவர் என்னைத் திட்டியதில் ஒன்றை
அவர் காதிலேயே திருப்பிச் சொன்னேன்,
நூருலுக்குக் கேட்காமல்.
கண் திறக்கவில்லை. உதட்டோரம் ஏதோ அசைந்தது.
அதற்குத் தாளில் கட்டம் இல்லை.

ஏழு மணி. ஈப்போவிலிருந்து போன் வரவில்லை.
தோட்டத்தில் பெரட்டு முடிந்திருக்கும்.
அடைக்கலம் என்று கூப்பிட்டு,
பதில் வராமல்,
மண்டோர் ஒருதரம் தலை தூக்கிப் பார்த்திருப்பார்.

மோட்டாரை உதைப்பதற்கு முன்
கண்ணை மூடி
என் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றேன்.
கொட்டகையிலிருந்து காவலாளி கேட்டார்:
"மழ விட்டுடுச்சான்னு பாக்கறீங்களா மிசி?"