வியாழன், ஏழு முதல் ஒன்பது வரை

சலவை அறைச் சாவி
வாரத்தில் இரண்டு மணிநேரம் எனக்கு.
அட்டவணையில் பெயர் இருக்கிறது:
ந. யோகமலர், மூன்றாம் மாடி, இடது.
அந்த நேரத்தில்தான் கூடினோம்.
தூன் நகரத்தில் வேறெங்கும்
வாடகை கொடுக்காமல் நாலு பெண்கள்
உட்கார்ந்து கதைக்க இடமில்லை.

மெஷின் ஓடினால்
ஒட்டுக்கேட்க முடியாது என்றாள் அஸ்ரா.
ஒட்டுக்கேட்க இங்கே யார் என்றாள் வெரேனா.
இருவரும் அவரவர் நாட்டிலிருந்து பேசினார்கள்.

பக்கத்துக் கதவு ஒரு சாண் தடிப்பு, கொங்கிறீற்.
குண்டு விழுந்தால் பதுங்க.
உள்ளே பனிச்சறுக்குக் கட்டைகள்,
போன வருஷத்து அப்பிள் ஜாம்,
யாரோ பிரிந்துபோன கணவனின் சோபா.
குடிவந்த அன்று திறந்து காட்டியவர்
"இதுவரை தேவைப்படவில்லை" என்று சிரித்தார்.
நானும் சிரித்தேன்.
நாங்கள் இருந்த பங்கருக்குக் கதவில்லை.
ஒரு சீலை தொங்கியது.

பதாகைக்கு என் கட்டில் விரிப்பு.
என்ன எழுதுவது என்பதிலேயே
மூன்று வியாழன் போயிற்று.
எல்லாப் போரையும் நிறுத்து, என்றாள் வெரேனா.
எல்லாம் என்றால் ஒன்றுமில்லை,
ஊரின் பேரை எழுது, என்றாள் அஸ்ரா.
லெத்தெப்ரஹான் ஒன்றும் சொல்லாமல்
விரிப்பின் அகலத்தைச் சாணால் அளந்தாள்.
எல்லா ஊருக்கும் இடம் போதாது.
அப்போது மெஷின் பிழியத் தொடங்கியது.
கொஞ்ச நேரம் யாருக்கும் யாரையும் கேட்கவில்லை.

நகராட்சிப் படிவம்.
எதிர்பார்க்கும் ஆட்கள்? நாற்பது.
ஒலிபெருக்கி? இல்லை.
பொறுப்பாளர்?
பேனா நாலு கையும் சுற்றி
என்னிடம் வந்து நின்றது.
இருபத்தாறு வருஷமாய் இந்த நாட்டில்
நான் கையெழுத்திட்ட தாளெல்லாம்
எனக்கு ஏதாவது தா என்று கேட்டவை.
இருக்க விடு, வேலை செய்ய விடு,
அம்மாவின் செத்தவீட்டுக்குப் போய்வர விடு.
இந்தத் தாளில் என் கையெழுத்து
கொஞ்சம் பெரிதாக விழுந்துவிட்டது.

பூவைப் பற்றியும் சொல்லவேண்டும்.
தமிழ்ப் பள்ளிச் சோதனைக்கு
பஸ்ஸில் மகள் பாடமாக்கினாள்:
மாடு கவர வெட்சி, மீட்கக் கரந்தை,
மண்ணைக் கொள்ள வஞ்சி,
மதிலைக் காக்க நொச்சி, வளைக்க உழிஞை,
நேர்நின்று பொருதத் தும்பை,
வென்றவனுக்கு வாகை.
நிறுத்து என்று போகிறவளுக்கு? என்றேன்.
"பாடத்திட்டத்தில் இல்லை."
பக்கத்தைத் திருப்பினாள்.

சனி, இரண்டு மணி, ரயில் நிலைய வாசல்.
மழை. பதினொரு பேர்.
எண்ணுவதற்கு வந்த பொலிஸ்காரருடன் பன்னிரண்டு.
வெரேனா ஜன்னல் பெட்டியிலிருந்து
ஜெரேனியத்தை வேரோடு பிடுங்கி வந்திருந்தாள்.
ஆளுக்கொரு கிளை. கையெல்லாம் மண்.
ஆற்றுக்கு அப்பால் குறிசுடும் சங்கத்தின் திடல்.
சனிக்கிழமைப் பயிற்சி.
முதல் வெடிக்கு
மூன்று பேர் மட்டும் குனிந்தோம்.
மற்ற எட்டுப் பேரும் எங்களைப் பார்த்தார்கள்.
பொலிஸ்காரரும் பார்த்தார்,
பிறகு தன் சப்பாத்தைப் பார்த்தார்.

குடையோடு ஒருவர் நின்று கேட்டார்:
நீங்கள் எந்த இடம்?
மூன்றாம் மாடி, இடது, என்றேன்.

கடைசியில் ஒரே சொல்தான் எழுதியிருந்தோம்,
நாலு மொழியில். போதும்.
தமிழ் ஓரத்தில் இருந்தது.
நனைந்து கனத்த நுனி மடிந்து
ம் மறைந்துபோயிற்று.

போது.

மறுமுனையைப் பிடித்திருந்த மகள்
எட்டிப் பார்த்து வாசித்தாள்.
அம்மா, பிழை. 'போது' என்று நிற்கிறது.
விடு, என்றேன். அதுவும் ஒரு பூதான்,
இன்னும் விரியாதது.
இதுவும் பாடத்திட்டத்தில் இல்லையா என்று
முறைத்தாள்.

மூன்று மணிக்குக் கலையவேண்டும் என்பது அனுமதி.
மூன்றே காலுக்குப் பொலிஸ்காரர்
மணிக்கூட்டைப் பார்க்காமல் நின்றார்.

ஈர விரிப்பை மடித்து எடுத்து வந்தோம்.
இன்னும் தோய்க்கவில்லை.
இன்றைக்குத் திங்கள்.
சாவி இரண்டாம் மாடி வலதுக்காரரிடம்.