எழுதிவைத்தல்

முப்பது என்று போட்டது நான்தான்.

ஆடி மழை.
அரவேணு ரோட்டில் மண் சரிந்து
பச்சைத் தேயிலை லாரிகள் வரவில்லை.
கோத்தகிரி ஃபாக்டரியின் செர்வர் அறையில்
நானும் ஒரு சிவப்பு விளக்கும்.
டிஸ்க் தொண்ணூற்றெட்டு சதவீதம்.

பத்து விநாடிக்கொரு முறை டிரையரின் சூடு,
ரோலர் மோட்டார் இழுக்கும் ஆம்பியர்,
யார் உள்ளே வந்தார்,
எந்த அலாரத்தை யார் அமர்த்தினார்,
மின்சாரம் எப்போது போய் எப்போது வந்தது,
ஒரு வரி, ஒரு வரி, இன்னும் ஒரு வரி.
தும்மினால்கூட எழுதியிருக்கும்.

எத்தனை நாள் வைக்க என்று கோப்பு கேட்டது.
கேட்கவில்லை.
ஒரு சமக்குறிக்கு அப்பால் காலியாக இருந்தது, அவ்வளவுதான்.
ஏழு குறைச்சல். நூறென்றால் புது டிஸ்க் வாங்கவேண்டும்,
அதற்கு மூன்று கையெழுத்து.
சம்பளம் முப்பது நாள்,
பால் கணக்கு முப்பது நாள்,
வீட்டு கேஸ் சிலிண்டரும் ஏறக்குறைய அதேதான்.
போட்டேன். சேமித்தேன்.
சிவப்பு பச்சையானது.
கேண்டீனில் இரண்டு வர்க்கி தின்றுவிட்டு
கடைசி பஸ்ஸைப் பிடித்தேன்.

செப்டம்பர் பதினொன்று, இரவு ஷிப்டு.
மூன்றாம் நம்பர் டிரையரில் தீ.
ஹாலனின் வலது கை
முழங்கைவரை.

அலாரத்தை அவனே அமர்த்திவிட்டுத் தூங்கினான் என்றது நிர்வாகம்.
அடிக்கவேயில்லை என்றான் ஹாலன்.

அக்டோபர் இருபத்தொன்பதில் குன்னூரிலிருந்து விசாரணை.
அதிகாரி ஆரோக்கியமேரி,
நனைந்த ஸ்வெட்டரைக் கழற்றாமலே
என் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டார்.
"பதினொன்றாம் தேதியைத் திறங்க."

செப்டம்பர் இருபத்தொன்பதில் தொடங்குகிறது உலகம்.
அதற்கு முன் இங்கே
ஒரு இலைகூட வாடவில்லை,
எந்த மோட்டாரும் சுற்றவில்லை,
ஹாலனுக்கு இரண்டு கையும் சரியாக இருந்தனவா
இல்லையா, தெரியாது.

மேலும் துழாவியதில் அகப்பட்டது ஒன்றே:
அக்டோபர் பன்னிரண்டு, அதிகாலை மூன்று பத்து,
பழைய கோப்பு ஒன்று நீக்கப்பட்டது,
பிழை ஏதுமில்லை.

அன்று காலை கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில்
அவனுக்குக் கட்டுப் பிரித்திருக்கிறார்கள்.

வாசலருகே நின்றவன்
கோபமாகக்கூடக் கேட்கவில்லை.
"மெஷின் எல்லாத்தையும் எழுதிவைக்கும்னு
நீங்கதானே மேடம் எங்களுக்குச் சொன்னீங்க?"

சொன்னேன். ஆனி மாதப் பயிற்சி வகுப்பில்,
வெள்ளைப் பலகையில் படம்கூடப் போட்டேன்.

எழுதியது ஹாலன்.
வைக்கவில்லை.
ஒரே சொல் என்று நினைத்து
இத்தனை காலம் சொல்லிக்கொண்டிருந்தோம்.

மேனேஜர் போஜன் எனக்கு டீ அனுப்பினார்,
ஏற்றுமதித் தூளில் போட்டது, அடுக்கில் பூப்போட்ட கோப்பை.
எதற்கு என்று இருவருக்கும் தெரியும்.
தொடவில்லை என்று எழுத ஆசைதான்.
குடித்தேன். குளிர் அப்படி.

எல்லோரும் போனபின்
கோப்பைத் திறந்தேன்.
சூட்டுக் கணக்கை மணிக்கொரு சராசரியாகச் சுருக்கலாம்,
ஆம்பியர் பதினைந்து நாள் போதும்,
அலாரமும் ஆள் நடமாட்டமும் மட்டும் தனியே,
மூன்று வருடம்.
வழக்குப் போட மனிதர்களுக்கு
அவ்வளவு காலம் ஆகிறது.
கையெழுத்து மூன்றும் நானே போய் வாங்குவேன்.

ஹாஷ் குறி போட்டுத் தொடங்கும் வரியை
மெஷின் படிக்காது, தாண்டிப் போய்விடும்.
எனக்குப் பின்னால் இந்த நாற்காலிக்கு வருகிறவர்
டிஸ்க் நிரம்பிய ஒரு மழைநாளில்
கைவைக்கப் போகும் அந்த எண்ணுக்கு மேலே
ஹாஷ் ஒன்று போட்டு அடித்தேன்:

முன்பு இது முப்பது.
ஹாலன், மூன்றாம் டிரையர்.
நாற்பத்தெட்டாம் நாள் கேட்டார்கள்.