ஏழாம் நிலை

செவ்வாய்க்கிழமை மாலைகளில்
மிஷ்கோல்ட்ஸ் நகரத்துப் பள்ளி ஒன்றின் நிலவறையில்
ஆயிரத்து நூறு வருடப் பழமையைக்
காலுறை போட்டுக்கொண்டு பழகுகிறோம்.
நான், பல் மருத்துவரின் உதவியாளர் ரோஸினா,
குழாய் பழுதுபார்க்கும் இருவர்,
விவாகரத்துக்குப் பிறகு சேர்ந்த ஒரு கணக்கு வாத்தியார்.

சுவரில் நிறுவனர் கெவெ பர்னபாஷ்.
தலையில் நரித்தோல் தொப்பி.
படத்துக்குக் கீழே பொன்னெழுத்து:
குதிரைமேல் பிறந்து குதிரைமேல் மாண்டவர்கள்
புல்வெளியிலிருந்து கொண்டுவந்த
ஒன்பது வில் தற்காப்பு முறை.
நாற்பத்தோராம் தலைமுறை.

மற்ற நாற்பது பேர் யார் என்று
ஒருநாள் கேட்டேன்.
நதிமூலம் கேட்கலாமா என்றார் கெல்லேர்ட்.
நிறுவனரின் மருமகன். நல்ல மனிதர்.
முட்டி வலிக்குத் தைலம் தருபவர்.

எனக்கோ மூலம் கேட்பதுதான் பிழைப்பு.
நகர ஆவணக் காப்பகத்தில்
செல்லரித்த காகிதங்களுக்கு வைத்தியம் பார்க்கிறேன்.

அந்தச் சுருளை அவரேதான் கொண்டுவந்தார்,
ஓரம் கிழிகிறது, ஒட்டிக் கொடு என்று.
புறஊதா விளக்கின் கீழ் விரித்தேன்.
பழைய காகிதம் அந்த ஒளியில்
மங்கி, வாய் திறக்காமல் கிடக்கும்.
இதுவோ
சலவைக்குப் போய்வந்த சட்டைபோல்
நீலமாய்ச் சிரித்தது.
சோப்புத்தூளில் கலக்கிற வெளுப்பான்
காகித ஆலைக்குள் நுழைந்தது
என் அம்மா பள்ளிக்கூடம் போன காலத்தில்.
அப்படியானால் இந்தப் பழுப்பு?
முகர்ந்து பார்த்தேன்.
தேநீர்.

அடுத்த செவ்வாய் போகாமல் இருந்திருக்கலாம்.
போனேன்.
மாதக் கடைசிவரை கட்டணம் கட்டியிருந்தேன்.

ஏழாம் நிலை. பெயர் குதிரையேற்றம்.
வலக்கை தலைக்கு மேலே, விரல் மூடி:
கடிவாளம் என்கிறது சுருள்.
இடக்கை இடுப்பை விட்டு அகலக் கூடாது:
அம்பறாத்தூணி என்கிறது சுருள்.
முழங்கால் தளர்த்தி,
தரை ஆடப்போகிறது என்பதுபோல் நிற்க வேண்டும்.
முன்னே மூன்றடி, பின்னே மூன்றடி.
பக்கவாட்டில் ஒருபோதும் இல்லை.

கண்ணுக்கெட்டிய தூரம் புல் கிடக்க
எவன் ஐயா
இரண்டு முழ அகலத்துக்குள் நின்று சண்டை போட்டான்?
எந்தக் குதிரைக்காரன்
கடிவாளத்தைத் தலைக்கு மேலே பிடித்தான்?

கேள்வி வாயில் இருக்கும்போதே
என் வலக்கைக்குத் தெரிந்துவிட்டது.

தோல்வார்.
ட்ராம் வண்டிக் கூரையில் தொங்கும் தோல்வார்.
இடுப்பில் அம்பு இல்லை, சில்லறைப் பை.
இரண்டு முழம் என்பது
இருக்கைகளுக்கு நடுவே விட்ட வழி.
தரை ஆடத்தான் செய்யும்,
எஃகு ஆலை வளைவில், கடைசி வண்டியில்.

ட்ராம் நிறுவனத்தின் பதிவேடுகள்
எங்கள் மூன்றாம் தளத்தில்தான் இருக்கின்றன.
கெவெ பர்னபாஷ், நடத்துனர், இரவு முறை.
காயம், மூன்று வாரம் விடுப்பு.
மறு வருடம் காயம், இரண்டு வாரம்.
அதற்கும் மறு வருடம் நான்கு நாள்.
அப்புறம் விடுப்பே இல்லை.

ஆக, குருகுலம் இருந்தது.
ஆசான்கள் குடித்திருந்தார்கள்.

உதை வாங்கி உதை வாங்கி
ஒரு நடத்துனர் கண்டுபிடித்ததைக் கற்க
யார் வருவார்கள்?
தொப்பி வாங்கினார், தேநீர் ஊற்றினார்,
நாற்பது முப்பாட்டன்களைப்
பெற்றெடுத்தார்.

பாவம் என்று விட்டுவிடவும் முடியவில்லை.
உனக்கு இது வராது, உன் ரத்தம் வேறு என்று
அந்தக் குழாய்க்காரர்களில் ஒருவன்
ரோஸினாவிடம் சொன்னது
அதே தொப்பியின் கீழ் நின்றுதான்.
யாரும் எதுவும் பேசவில்லை. நானும்.

அவளிடம் மட்டும் சொன்னேன், நேற்று, வண்டியில்.
நம்பவில்லை.
எழுந்தாள். வலக்கை மேலே வாரைப் பற்ற
இடக்கை தானாகவே கைப்பைக்குப் போனது.
வளைவு வந்தது.
எதிரே நின்ற மாணவன்
என் மடியில் வந்து விழுந்தான்.
அவள் அசையவில்லை.

சுருளை ஒட்டிவிட்டேன்.
காப்பகச் சீட்டில் காலம் என்ற கட்டம்
இன்னும் காலி.
கெல்லேர்ட் ஐந்து மணிக்கு வருவார்,
தைலப் புட்டியும் கொண்டுவருவதாகச்
சொல்லியிருக்கிறார்.