குறைந்த எண்

எங்கள் டிவிஷனில் எண் குறைந்தால்
யாரும் சும்மா விடுவதில்லை.
பதினெட்டுக் கிலோவுக்குப் பதினாறு என்றால்
அரைப்பேர்.
கொக்கியில் சாக்குத் தொங்கும்போது
முள்ளைத்தான் பார்ப்பார்கள், முகத்தை அல்ல.

எண் குறைந்ததற்கு என்னைப் பாராட்டிய ஒரே இடம்
தோட்டத்து மருந்துசாலை.
"தொண்ணூறுக்கு அறுபது. உனக்கென்ன ராசாத்தி,
பிரஷரே இல்லை" என்றார் மருந்தையா,
கைப்பட்டையைச் சுருட்டிக்கொண்டே.
பின்னால் நின்ற தங்கேஸ்வரிக்கு நூற்றெழுபது.
உப்பைக் குறை, கருவாட்டைக் குறை,
மருமகளோடு சண்டையைக் குறை.
என்னிடம் எதையும் குறைக்கச் சொல்லவில்லை.

பத்து வருஷம் அப்படித்தான் போனது.
குந்தி எழுந்தால் கண்ணில் பூச்சி பறக்கும்.
பிடித்துக்கொள்ள ஒரு தேயிலைச் செடி எப்போதும் இருந்தது.
சில உடம்பு அப்படி.
தாழ்ந்த எண்ணிலேயே குடியிருந்து
நன்றாகவே வாழும்.
அது நோயில்லை. அதுவும் உண்மைதான்.

இந்தக் கார்த்திகையில் வேறு மாதிரி.
ஏழாம் நம்பர் மலையின் மேல் தொங்கலில்
கூடையோடு நிமிர்ந்தேன்.
எதிர் மலை பக்கவாட்டில் நழுவிப் போனது.
காதுக்குள் இரைச்சல்,
ஃபெக்டரிச் சங்கு என்று நினைத்தேன்.
மணி ஒன்பதுகூட ஆகவில்லை.

கண் திறந்தால் அத்தனை முகம், அத்தனை வைத்தியம்.
சீனி போட்ட சாயம் என்றாள் ஒருத்தி.
உப்புத் தண்ணி என்றாள் இன்னொருத்தி.
கங்காணி தன் சாவிக்கொத்தை என் உள்ளங்கையில் அழுத்தினார்,
அது வலிப்புக்கு என்று யாரோ சொல்லியும்.

தங்கேஸ்வரி என் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்தாள்.
"நாள் தள்ளிப் போச்சா?"
இல்லை.
"முழங்கால் மாத்திரை இன்னும் போடுறியா?"
மஸ்கெலியா டவுன் கடையில், துண்டில்லாமல், அட்டை அட்டையாய்.
இரண்டு மாசம். வெறும் வயிற்றில்.
பிறகு,
யாரும் யாரிடமும் கேட்காத கேள்வியை
அத்தனை பேர் நடுவில் கேட்டாள்.
"வெளிக்குப் போறது என்ன நிறம்?"

கறுப்பு. மூன்று நாளாய்.
ரோட்டுக்குப் போடும் தார் மாதிரி.
கங்காணி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.
அவள் திரும்பவில்லை.
அவள் வீட்டுக்காரர் போன வழி அது.
அவரிடம் யாரும் கேட்டிருக்கவில்லை.

நிறுக்காத கொழுந்தோடு என்னையும் லொறியில் ஏற்றினார்கள்.
நோர்வூட் வளைவுகளில்
நெஞ்சு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது,
நான் படுத்திருந்தேன்.
ஈரச் சாக்குக் குளிரா, என் வேர்வையா,
பிரித்துச் சொல்ல முடியவில்லை.

டிக்கோயா ஆஸ்பத்திரியில் சிங்கள டொக்டர் பிள்ளை,
தமிழை ஒவ்வொரு சொல்லாய் எடுத்து வைத்தாள்.
"அம்மா, எழுபது. இது உங்க எப்பவும் நம்பர் இல்லை.
உள்ளே ரத்தம் கசியுது."

எனக்குப் பீலிதான் ஞாபகம் வந்தது.
தண்ணீர் மெலிந்தால் பீலியையா திட்டுவோம்?
மேலே ஏறி
குழாய் எங்கே வெடித்திருக்கிறது என்று தேடுவோம்.
வயிற்றில் புண். இரண்டு பை ரத்தம்,
யாருடையதோ,
சொட்டுச் சொட்டாய் இறங்கியது விடியும்வரை.

இப்போது பெரட்டில் தங்கேஸ்வரி சத்தம் போடுகிறாள்:
"லேசா சுத்தினா உக்காரு, தண்ணி குடி, மெதுவா எழும்பு.
அடிக்கடி சுத்தினா டொக்டர்கிட்ட காட்டு.
மயங்கி விழுந்தா, மூச்சு வாங்குனா, நெஞ்சு வலிச்சா,
பேச்சுத் தடுமாறுனா, கறுப்பாப் போனா
சாயம் கொதிக்கிறவரைக்கும் நிக்காத.
லொறியைக் கூப்பிடு."
சின்னப் பெண்கள் சிரிக்கிறார்கள். கேட்கிறார்கள்.

அந்த நாளுக்கு எனக்கு அரைப்பேர்தான் போட்டிருந்தார்கள்.

போன கிழமை மருந்தையா மறுபடி பட்டையைச் சுற்றினார்.
தொண்ணூறுக்கு அறுபது.
ராசாத்தி என்று சொல்லவில்லை.
"எழும்பி நில்லு, பார்ப்போம்" என்றார்.
நின்றேன்.
நின்றபடியே இன்னொரு தரம் காற்றடித்தார்.
முள் இறங்கும்வரை இரண்டு பேரும்
முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.