காது வைத்தல்

வியாழன் இரவு. தார்த்து நகரத்தில்
பழைய தோல்பதனிடும் ஆலைக்கு அடியில் ஒரு நிலவறை.
வாசலில் ஏழு ஜோடிப் பனிக்காலணிகள்
தம்மைச் சுற்றிக் குளம் கட்டி நிற்கின்றன.
உள்ளே நாங்கள், காலுறைகளோடு.

லேலோ சொல்கிறாள்:
"கண்ணை மூடுங்கள். மூச்சை எண்ணுங்கள்."
நல்ல பெண்.
போன வருடம் வரை பல்மருத்துவரிடம் வேலை பார்த்தவள்.
அவளுக்குத் தெரியாது,
மூச்சு எண்ணிச் சம்பளம் வாங்குகிறவள் நான் என்று.

நூற்றுப் பன்னிரண்டை அழுத்தியவர்கள்
பகலெல்லாம் என் காதுக்குள் வந்து விழுகிறார்கள்,
முகவரி இல்லாமல், சிலசமயம் சொல்லே இல்லாமல்.
"நெஞ்சு ஏறி இறங்குகிறதா? பாருங்கள், பத்து வரை எண்ணுகிறேன்."
எண்ணுகிறேன்.
ஆம்புலன்ஸ் வந்ததும் இணைப்பு அறுந்துவிடும்.
பிழைத்தாரா என்று
எனக்கு யாரும் கூப்பிட்டுச் சொல்வதில்லை.

அதனால் கண்ணைத் திறந்தே வைத்திருந்தேன்.
எதிரே களிமண்.
சாம்பல் நிறம், ஒரு ரொட்டி அளவு,
பிளாஸ்டிக் உறைக்குள் வியர்த்துப்போய்.

"பிசையுங்கள்.
உள்ளே ஒரு காற்றுக்குமிழ்கூட இருக்கக் கூடாது."
இரண்டு உள்ளங்கைகளின் அடிப்பகுதியை ஊன்றி,
முழங்கை மடங்காமல்,
உடம்பின் பாரம் தோள்வழியே இறங்க
அழுத்தினேன். விட்டேன். அழுத்தினேன்.

அப்போதுதான் உறைத்தது.

ஒன்பது வருடமாக நான் சொல்லிவரும் வாக்கியங்கள் இவை.
உள்ளங்கையின் அடிப்பகுதி. முழங்கை மடங்கக் கூடாது.
உங்கள் பாரத்தைக் கொடுங்கள், பயப்படாதீர்கள்.
பெய்ப்சி ஏரிக்கரையில் மீன் வாடைக் கைகளோடு ஒருவரிடம்.
பின்னிரவில், ரஷ்ய மொழியில் மட்டுமே அழத் தெரிந்த ஒருத்தியிடம்.
சொன்னது என் வாய்.
செய்தவை எப்போதும் வேறு யாருடைய கைகளோ.
என் கைகள் அழுத்தியதெல்லாம் விசைப்பலகை.

களிமண் இரண்டு அங்குலம் இறங்கிக் கொடுத்தது.
திரும்ப எழும்பவில்லை.
எழும்பவில்லையே என்று
அந்த அறையில் யாரும் அலறவில்லை.

நானூறு வரை எண்ணியிருப்பேன்.
பிறகு எண்கள் உதிர்ந்துபோயின,
அழுத்துவது மட்டும் இருந்தது.

நடுவில் ஒரு கைபேசி அடித்தது.
பேருந்து ஓட்டும் கவுப்போவுடையது,
ஆணியில் தொங்கிய கோட்டுக்குள்.
மணிக்கட்டு வரை சேறு எல்லோருக்கும்.
அது நடுங்கி நடுங்கி
ஓய்ந்தது.
எடுக்கப்படாமலே ஓர் அழைப்பு ஓய்வதை
அன்றுதான் கேட்டேன்.
என் முதுகு இன்னும் நிமிர்ந்தே இருந்தது,
ஒரு கை தானாக ஹெட்செட்டைத் தேடி
காதோரம் சேறு பூசியிருந்தது.
"பால் வாங்கி வரச் சொல்லியிருப்பாள்" என்றான் கவுப்போ.

கடைசியாக ஒரு கோப்பை வந்தது,
ஒரு பக்கம் சாய்ந்து, யாரையோ ஒட்டுக்கேட்பதுபோல.
"இனி அதற்குக் காது வையுங்கள்" என்றாள் லேலோ.
எலிவால்போல உருட்டி, வளைத்து,
முனைகளைக் கீறி, குழைசேறு தடவி ஒட்டினேன்.
கொஞ்சம் பெரிய காதுதான்.
வேலைப் பழக்கம்.

அடுத்த வியாழன் போனால்
கோப்பை தனியே, காது தனியே.
காய்ந்தபின் ஒட்டாது என்றாள்,
மண்ணுக்கு ஈரம் இருக்கும்வரைதான் பேச்சுவார்த்தை.
அப்படியே சுடுங்கள் என்றேன், இரண்டையும்.

இப்போது காலையில் காப்பி
காதில்லாத கோப்பையில்.
இரண்டு கையாலும் ஏந்த வேண்டியிருக்கிறது. சுடுகிறது.
காதைக் கோட்டுப் பையில் வைத்திருக்கிறேன்,
சாவியோடு உரசிக்கொண்டு கிடக்கிறது,
எதையும் கேட்காமல்.

நேற்று ஓர் அழைப்பு.
"மூச்சு இருக்கிறதா?"
"தெரியவில்லை, தெரியவில்லை."
"சரி. உங்கள் உள்ளங்கையின் அடிப்பகுதியை..."
சொல்லும்போதே பார்த்தேன்:
மேசைமேல் என் கைகள்
ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருந்தன.