ஒட்ட இடம்

உத்தரவைப் பாய்மரத்தில் ஒட்ட வேண்டும்
என்கிறது விதி.
நாலாம் நம்பர் தூர்வாரிக்குப்
பாய்மரமே கிடையாது.
காரைக்கால், அரசலாற்றங்கரை.
பசைவாளியோடு நின்றேன்,
காலை நடைக்காரர்களுக்கு இடைஞ்சலாக.

சம்பளப் பாக்கி வழக்கு, பதினாறு மாதம்.
பலகை போட்டு என்னை ஏற்றிவிட்டவர்தான் வாதி,
அந்துவான்.
ஜப்தியான கப்பலுக்கு அவரே காவல்.
"துருவுல ஒட்டாதீங்க அமீனா சார், உதிந்துடும்."
துரு இல்லாத இடம் தேடினோம்.
சமையலறைக் கதவு கிடைத்தது.

முகத்துவாரத்து மணலை
முப்பது வருஷம் வாரிக் கொட்டிய கப்பல்.
கட்டிப் போட்ட மூன்றே மழைக்காலத்தில்
ஆறு அதே மணலைக் கொண்டுவந்து
அடிவயிற்றில் அண்டக் கொடுத்துவிட்டது.
ஓதம் ஏறினாலும் அசைவதில்லை.
கரையோடு பிணைத்த சங்கிலி
சும்மா, ஒரு மரியாதைக்கு.

முதல் ஏலத்துக்கு ஒருவர் வந்தார்.
இரும்பைத் தட்டிப் பார்த்தார்,
தண்ணீரில் கழி விட்டுப் பார்த்தார்.
இதை வெளியே இழுக்க
இன்னொரு தூர்வாரி வேண்டும்,
அதன் வாடகை இதன் விலையைத் தாண்டும் என்று
டீ குடித்துவிட்டுப் போனார்.
இரண்டாவதற்கு அவரும் வரவில்லை.

அந்துவான் தினமும் பம்பு போட்டு
உள்ளே கசிந்ததை இறைக்கிறார்.
தரைதட்டிய கப்பல் எங்கே முழுகப் போகிறது?
கேட்டேன்.
டீசல் கணக்கை நீட்டினார்,
கோர்ட்டில் சேர்க்கச் சொல்லி.

மூன்றாம் நோட்டீசோடு நேற்றுப் போனேன்.
மேல்தளச் சுவரில் துருவைச் சுரண்டி
ஒரே ஒரு தாள் அளவுக்குச்
சிவப்பு பெயின்ட் அடித்து வைத்திருந்தார்.

இன்னும் காயவில்லை.
இருவரும் உட்கார்ந்திருந்தோம்.