கால்சட்டைப் பேரேடு

ஷெஃபீல்டு பஸ் டிப்போவில்
சீருடை அறைச் சாவி
இருபத்திரண்டு வருஷம் என் இடுப்பில் தொங்கியது.
நாடி பார்க்கத் தெரியாதவள் நான்.
இடுப்பளவு பார்க்கத் தெரியும்.

ஐம்பத்தாறு பிப்ரவரியில்
லண்டனிலிருந்து ஒரு டாக்டர் வந்தார்,
காலணியெல்லாம் பனிச்சேறு.
"மிஸ் கிராஸ்த்வெயிட்,
உங்கள் கால்சட்டைக் கணக்கு வேண்டும்."

அவர் சந்தேகம் இதுதான்:
இரட்டை மாடி பஸ். ஒரே பாதை,
உருக்காலை கக்கும் ஒரே புகை,
ஒரே கடையில் வாங்கித் தின்ற வறுத்த மீன்.
முன்னால் உட்கார்ந்து ஓட்டுகிறவனுக்கு
மாரடைப்பு முந்தி வருகிறது.
சீட்டுக் கொடுத்தபடி மாடி ஏறி இறங்குகிறவனுக்குப்
பிந்தி வருகிறது, வராமலும் போகிறது.
ஒரு நாளைக்கு ஐந்நூறு படியாவது இருக்கும், என்றார்.
படிதான் மருந்தோ?

பேரேட்டைத் திறந்தேன்.

ஹொரஸ் பர்கின், ஓட்டுநர்:
முப்பத்தாறு அங்குலம், முப்பத்தெட்டு, நாற்பது.
நாற்பத்திரண்டுக்குத் துணி வெட்டி வைத்திருந்தேன்.
தைப்பதற்குள் அவர் மனைவி
கோட்டுப் பொத்தான்களைத் திருப்பிக் கொடுக்க வந்தாள்.
பதினொன்று இருந்தன.
பன்னிரண்டாவதை அவளே வைத்துக்கொண்டாள் போல.
குறைகிறது என்று நான் எழுதவில்லை.

வில்ஃப் ஓல்ட்ராய்டு, நடத்துநர்:
முப்பது. முப்பது. முப்பது.
இடுப்பு அப்படியே, முட்டிதான் தேயும்.
ஒட்டுப் போட்ட கணக்கே ஒரு பக்கம்.

டாக்டர் பென்சிலை நாக்கில் தொட்டுத் தொட்டு எழுதினார்.
எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே.

"முதல் அளவையும் பாருங்கள்" என்றேன்.
வேலைக்குச் சேர்ந்த அன்று எடுத்தது.
ஒரு படிகூட ஏறாத, ஸ்டீயரிங்கைத் தொடாத அன்று.
ஓட்ட வந்தவர்கள் அன்றைக்கே
ஒன்றரை அங்குலம் கூட.

பென்சில் நின்றது.
கெட்டில் கூவியது. போய் அணைத்துவிட்டு வந்தேன்.

அந்த ஒன்றரை அங்குலம் எப்போது ஏறியது?
அப்பனுக்கு வேலையில்லாத குளிர்காலத்தில்
ரொட்டிமேல் தடவிய பன்றிக்கொழுப்பிலா?
அதற்கும் முன்னால், அந்த அப்பனின் அப்பனிடமா?
என் அளவு நாடா அறுபது அங்குலம்.
அவ்வளவு பின்னால் எட்டாது.

பக்கத்தைப் புரட்டினேன்.
லாஸல்ஸ் பின்னக், நடத்துநர், ஜமைக்காக்காரர்.
இருபத்தொன்பது.
இரண்டிரண்டு படியாக ஏறுவார்,
மேல்மாடியில் சில்லறை குலுங்குவது கீழே கேட்கும்.
வாடகைக்கு அறை கேட்டுப் பதினாலு கதவு தட்டினார்.
பதினைந்தாவது திறந்தது:
கால்வாய் ஓரம், நிலவறை, சுவரெல்லாம் பாசி.
போன மார்ச்சில் இருமல்.
மே மாதம் இருபத்தேழுக்குப் பிடித்துத் தைத்துக் கொடுத்தேன்.
ஆகஸ்டில் திரும்பி வந்தது கால்சட்டை மட்டும்.

"இவரை எந்தப் பத்தியில் எழுதுவீர்கள்?"

நல்ல மனிதர், மழுப்பவில்லை.
"நுரையீரல். எங்கள் ஆய்வில் சேராது" என்றார்.

அந்த நேரம் பார்த்துக் கதவை முதுகால் தள்ளிக்கொண்டு
ஆம்ப்ரோஸ் டிங்கிள் உள்ளே வந்தார்.
ஓட்டுநர், ஓய்வு பெற்றுப் பதினாறு வருஷம்,
வயது எண்பத்தொன்று, இடுப்பு நாற்பத்தாறு,
வாயில் அணையாத பைப்.
டாக்டர் அவரை மேலும் கீழும் பார்த்தார்,
தப்பாக வந்த கூட்டலைப் பார்ப்பதுபோல.
"எப்படி ஐயா, இத்தனை காலம்?"

"செவ்வாய்க்கிழமை இங்கே வரணுமே" என்றார் டிங்கிள்.
"ஈனிட் என் கோப்பையை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவாள்."
நாற்காலியை இழுத்து
டாக்டரின் தாள்கள்மேல் பிஸ்கட் டப்பாவை வைத்தார்.

பேரேடு ஜூனில் தபாலில் திரும்பியது.
ஓரமெல்லாம் சுத்தம். பின்னக் பக்கத்தில் மட்டும்
பென்சிலால் ஒரு கேள்விக்குறி.
ரப்பர் மேஜையிலேயேதான் கிடந்தது.
நான் எடுக்கவில்லை.